அக்கா அனுப்பிய சிறுத்தை

நீலகிரி மாவட்டத்தில் அதிகம் பேரைக் கொன்றவர் எங்கள் ஊர் அரவேணுவின் ஜெராக்ஸ் அக்காதான். எல்லாம் காகிதத்தில். கல்லூரி விண்ணப்பத்துக்குக் கட்டுரை வேண்டும் என்று யார் போனாலும், முதலில் அந்த வீட்டில் ஓர் ஆளைக் காலி செய்துவிட்டுத்தான் கீபோர்டில் கை வைப்பார்.

பஸ் ஸ்டாப்பை ஒட்டிய கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஆங்கிலத்தில் ஒரு எம்.ஏ. பட்டம். மூன்றும் ஒழுங்காக வேலை செய்யாது என்பார்கள். அநியாயம். ஜெராக்ஸ் மெஷின் நன்றாகவே ஓடியது.

நான் விண்ணப்பித்தது ஒரு வெளிமாநிலப் பல்கலைக்கழகத்துக்கு. முழு உதவித்தொகை கிடைத்தால் இன்ஜினீயரிங். இல்லையென்றால் அப்படியொரு இடம் இருப்பதையே மறந்துவிட வேண்டியதுதான்; அப்பா டீ ஃபேக்டரியில் ஃபிட்டர். மதிப்பெண் இருந்தது. 'உங்கள் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட அனுபவம்' பற்றி ஐந்நூறு வார்த்தை கேட்டார்கள். அதுதான் இல்லை.

பட்டியல் போட்டேன். ஒன்று: ஆறாம் வகுப்பில் அம்மை. இரண்டு: ஸ்கூல் பஸ் பஞ்சர். மூன்று: யோசிக்க வேண்டும். மூன்று நாள் யோசித்தும் மூன்று நிரம்பவில்லை. அக்காவிடம் போனேன்.

"அம்மிணி, இதுல ஒரு சாவுகூட இல்லையே!" என்று பதறினார். "அப்பா இல்லைன்னு போட்டுக்கலாமா?"

"அப்பா வெளியில நிக்கறாருங்க அக்கா."

எட்டிப் பார்த்தார். அப்பா குடையோடு வணக்கம் வைத்தார்.

"சரி உடு. மண்சரிவுல ஊடு போச்சுன்னு?"

"ஊடு அங்கயேதான் இருக்குதுங்க."

"இருந்தாலும் மண்சரிவு தீந்துபோச்சு கண்ணு. இந்த வருசம் நாலு பேருக்குக் குடுத்துட்டேன். காட்டெருமை ஒண்ணு இருந்துச்சு, நேத்துத்தான் கட்டபெட்டுப் புள்ளைக்குப் போயிருச்சு." ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்லும் அதே குரல். "சிறுத்தை இருக்குது. நல்ல சிறுத்தை. இன்னும் யாருக்கும் குடுக்கல."

சிறுத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே எழுதினேன். அப்பா கொண்டுவந்த பழைய மோட்டாரை நான் பிரித்துப் பூட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிச்சமானது. அது எங்கே போக வேண்டியது என்று இரண்டு மாதம் தேடினேன். அவ்வளவுதான் கதை.

கடைசி நாள். வீட்டில் சிக்னல் கிடையாது என்பதால் அக்காவின் கம்ப்யூட்டரிலேயே ஏற்றினேன். அக்கா இரண்டு முறை படித்தார்.

"கடைசில யாரு சாவறாங்க?"

"மோட்டார் ஓடுதுங்க."

"அவ்ளோதானா?"

பஸ் வந்துவிட்டது. "நீ போ கண்ணு, ஸ்பெல்லிங் மட்டும் பாத்துட்டு நானே அனுப்பிடறேன்" என்றார். நம்பினேன். நான் செய்த தவறுகளின் பட்டியலில் இன்றும் அதுதான் முதலிடம்.

நேர்காணல் வீடியோவில். அதுவும் அக்கா கடையில்தான். எனக்காக ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தார். திரையில் மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்த அம்மையார் கனிவாகக் கேட்டார்: "சிறுத்தை உங்கள் கையைக் கவ்வியபோது என்ன நினைத்தீர்கள்?"

திரும்பிப் பார்த்தேன். அக்கா தன் ஸ்வெட்டர் கையை இழுத்து இழுத்துக் காட்டினார். கையை மறை என்று அர்த்தம்.

ஆமாம் என்றால் சீட். இல்லை என்றால் வீடு. இரண்டு கைகளையும் கேமராவுக்கு முன்னால் நீட்டினேன். "கவ்வவில்லை. அந்தச் சிறுத்தை எங்கள் ஜெராக்ஸ் அக்காவுடையது. நான் எழுதியது ஒரு ஸ்க்ரூவைப் பற்றி."

பின்னாலிருந்து அக்காவின் குரங்குக் குல்லா எழுந்தது. "புள்ள மேல தப்பில்லைங்க! நாந்தானுங்க எழுதுனேன். சிறுத்தைய எடுத்துட்டு சீட்டை மட்டும் குடுத்துருங்க!" தமிழ் தெரியாத மூன்று பேரிடம் இவ்வளவும் தமிழில். எம்.ஏ. ஆங்கிலத்திலிருந்து அந்த நேரத்துக்கு ஒரு வார்த்தைகூட உதவிக்கு வரவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது.

நான் ஒரு வரிகூட விடாமல் மொழிபெயர்த்தேன். அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஸ்க்ரூ எங்கே போக வேண்டியது?" என்றார்.

"இன்னும் தெரியவில்லை. நான்கு இடங்களில் சந்தேகம்." நான்கையும் சொன்னேன். அரை மணி நேரம் மோட்டாரைப் பற்றித்தான் பேசினோம்.

உதவித்தொகை கிடைத்தது. சிறுத்தையால்தான் கிடைத்தது என்று அக்கா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் மறுப்பதில்லை. இங்கே விடுதியில் எல்லோரும் நல்லவர்கள்தான். எனக்காகப் பொய் சொல்லவும், மாட்டிக்கொண்டால் எழுந்து நின்று ஒப்புக்கொண்டு அழவும்தான் இன்னும் ஒருவரும் அமையவில்லை.