அப்பாவுக்குப் படைத்த காகிதத் துப்பாக்கி

துப்பாக்கியைக் கையால் தொட்டே இராத ஆள்களால்தான் துப்பாக்கியைப் பற்றி வருஷக்கணக்கில் சண்டை போட முடியும். தொட்டவர்களுக்கு வேறு வேலை இருக்கும். எங்கள் குடும்பத்தில் அப்படித் தொடாத ஆள்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. இன்னொருவர் அம்மாவின் அண்ணன், வேலு மாமா.

அப்பா மலேசியாவில் பெடாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஜாகா, அதாவது காவல்காரர். பழம் திருட வருகிறவர்களை விரட்ட அவரிடம் இருந்த ஆயுதங்கள் ஒரு டார்ச்லைட், ஒரு விசில். (அந்த விசிலும் மழைக்காலத்தில் ஊதாது.) மாமா பழ லாரி ஓட்டுகிறவர். தீபாவளிக்கு எவனாவது சரவெடியைக் கையில் எடுத்தாலே கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். இந்த இரண்டு வீரர்களும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் எங்கள் வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உலகத்திலேயே சிறந்த கைத்துப்பாக்கி எது என்று ஆரம்பிப்பார்கள்.

அப்பா கட்சி, பழைய அமெரிக்கா பிஸ்டல். பெரிய போர்ட்டி பைவ் குண்டு. மெகசினில் ஏழுதான் போகும். மாமா கட்சி, பெல்ஜியத்தில் செய்த பழைய நைன் எம்எம். குண்டு சின்னது, ஆனால் பதிமூன்று போகும்.

“மாப்ள, ஏழு குண்டை வச்சிக்கிட்டு என்னா பண்ணுவ? எட்டாவது ஆளு வந்தா, ‘கொஞ்சம் இரு லா, மெகசின் மாத்திட்டு வரேன்’னு சொல்லுவியா?”

“பதிமூணு எவனுக்கு வேணும் மச்சான்? குறி தப்புறவனுக்கு வேணும்.”

“ஒன்னோட பிஸ்டல ஆட்டுனா பழைய லாரி மாதிரி கடகடன்னு ஆடுது. அதுல எங்க குறி நிக்கும்?”

“ஆடட்டும்! உள்ள கொஞ்சம் எடம் விட்டு செஞ்சிருக்கான், அதான் மண்ணு போனாலும் சுடும், சேறு போனாலும் சுடும். ரொம்ப இறுக்கி செஞ்சா குறி நல்லா நிக்கும். மண்ணு போனா துப்பாக்கியே நின்னுரும்!”

இப்படியே கொசு கடிக்கிற நேரம் வரைக்கும் போகும். நான் படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவள். வாய்ப்பாடு ஏறாத மண்டை. நீலாயில் ஒரு பேக்டரியில் பெட்டி ஒட்டுகிற வேலை. ஒரே ஒரு லீவு நாள், அதிலும் தூங்க விடாமல் காதுக்குள் ட்ரிகர், ஹேமர், சேப்டி. அப்பா போனை நீட்டி, “தேவி, இந்தப் படத்தப் பாரேன்” என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். “ரெண்டும் கறுப்பாத்தான்பா இருக்கு, என்னை வுடுங்க” என்பேன்.

அப்பா ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

நான் ஷிப்டில் இருந்தேன். போன் லாக்கரில் இருந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, படுக்க வைத்துவிட்டார்கள். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். ‘பொம்பளப் புள்ள, நீ தள்ளி நில்லு’ என்று ஆளாளுக்குத் தள்ளித் தள்ளி, கடைசியில் நான் எதிர் வீட்டுக் காருக்குப் பக்கத்தில் நின்று அப்பா போவதைப் பார்த்தேன். ஒரே பிள்ளை நான். அவருக்கென்று என் கையால் ஒன்றும் செய்யவில்லை.

அதனால் பதினாறாம் நாள் கருமாதிக்காவது ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று மனசுக்குள் பிடிவாதம். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் அவருடைய போட்டோ முன்னால் படைப்பது எங்கள் வழக்கம். ஆட்டுக்கறி சித்தி பொறுப்பு. கறுப்பு பீர் மாமா பொறுப்பு. நெத்திலி சம்பல் அம்மா.

“நான் என்னாம்மா வைக்கிறது?”

“நீ சும்மா இரு, அது போதும்.”

சும்மா இருந்திருக்கலாம்.

தம்பினில் ஒரு சீனச் சாமிச் சாமான் கடை இருக்கிறது. சீனர்கள் செத்தவர்களுக்குக் காகிதத்தில் வீடு, கார், போன் எல்லாம் செய்து எரித்து அனுப்புவார்களே, அந்தச் சாமான் விற்கிற கடை. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனவள் அதன் வாசலில் மோட்டர் சைக்கிளை நிறுத்தினேன். கூரையில் காகிதச் சட்டை, காகிதக் காலணி, காகிதப் பல்செட்கூடத் தொங்கியது. என் மண்டைக்குள் பல்ப் எரிந்தது. (அந்த பல்பை அன்றைக்கே யாராவது அணைத்திருக்க வேண்டும்.)

“ஆண்டி, பிஸ்டல் செய்வீங்களா?” என்று மலாயில் கேட்டேன்.

கடைக்கார ஆண்டி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இளம் பெண் எவளாக இருந்தாலும் அவருக்கு ‘அமோய்’தான். “அமோய், உங்கப்பா அங்க போய் யாரை சுடப் போறாரு?”

“யாரையும் இல்ல ஆண்டி. சும்மா வச்சிருக்க.”

“படம் இருக்கா?”

அப்பாவின் போனைத் திறந்தேன். படங்கள் முழுக்கத் துப்பாக்கி. (என் படம் ஒன்று இருந்தது. அதிலும் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது.) ஒரே ஒரு பிஸ்டலை மட்டும் திரும்பத் திரும்பச் சேமித்து வைத்திருந்தார். ஒரு படத்தில் அங்கங்கே சிவப்பு வட்டம்கூடப் போட்டிருந்தார். அவருக்கு எவ்வளவு ஆசை இருந்தால் இப்படி வட்டம் போட்டு வைத்திருப்பார் என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்தப் படத்தைத்தான் ஆண்டிக்கு அனுப்பினேன்.

கருமாதிக்கு முதல் நாள் பத்திரிகைத்தாளில் சுற்றிக் கொடுத்தார். “படைச்ச பிறகு எரிச்சிடணும், அமோய். எரிச்சாத்தான் போய்ச் சேரும்.” காலையில் பிரித்தேன். கறுகறுவென்று, நிஜப் பிஸ்டலே தோற்றுப்போகும். ஆனால் ஆண்டி படத்தில் இருந்ததை ஒன்று விடாமல் செய்திருந்தார். சிவப்பு வட்டங்களும் அதில் சேர்த்தி. அழகுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று பீருக்கும் ஆட்டுக்கறிக்கும் நடுவில் வைத்தேன்.

சடங்கு செய்கிற பண்டாரம் வந்ததிலிருந்தே அவசரத்தில் இருந்தார். ரெம்பாவில் இன்னொரு கருமாதியாம். அவர் கற்பூரத்தை எடுக்கவும் மாமா உள்ளே வரவும் சரியாக இருந்தது.

மாமா படையலைப் பார்த்தார். அப்படியே நின்றார்.

“இத யாரு வச்சது?”

“நான்தான் மாமா. அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சது.”

“உங்கப்பனுக்கா? ஏ புள்ள, இது என்னோட பிஸ்டலு!”

சித்தப்பா நைசாக எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பக்கத்து வீட்டில் குடியிருப்பவர் ஒரு போலீஸ் கோப்ரல். நல்ல மனுஷன். இருந்தாலும் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் ஜெயில் என்கிற இந்த நாட்டில், பிஸ்டல் என்னுடையது என்று சத்தம் போட்டுச் சொல்கிற விஷயமா?

“பேப்பர்தான், பேப்பர்தான்” என்று நான் எல்லாரிடமும் கையைக் காட்டினேன். மாமாவுக்கு அது பேப்பரா இரும்பா என்பது பிரச்சினையே இல்லை. அவருடைய கட்சித் துப்பாக்கியை அவர் எதிரிக்குப் படைத்துவிட்டேன். அது பிரச்சினை. கிட்டே குனிந்து அந்தச் சிவப்பு வட்டங்களைப் பார்த்தார்.

“இந்த வட்டம் எதுக்கு?”

“அப்பா போட்டது மாமா. அவருக்குப் பிடிச்ச எடம்.”

“பிடிச்ச எடமா?” மாமாவின் குரல் மாறியது. “இது ஹேமரு. கையக் கடிக்கும்னு சொன்னான். இது சேப்டி. சின்னதா இருக்கு, நகத்தாலதான் தேடணும்னு சொன்னான். இது ட்ரிகரு. மெகசினைக் கழட்டிட்டா சுடாத மாதிரி உள்ள ஒரு சாமான் வச்சிருக்கான், அதனால இழுக்கறதுக்கு இறுக்கமாயிருச்சின்னான். கடைசி ஞாயித்துக்கெழம சொன்னது. அடுத்த வாரம் வந்து பதில் சொல்றேன்டான்னு சொல்லிட்டுப் போனேன்.”

வட்டமெல்லாம் குறை. எதிரியின் பிஸ்டலில் குறை கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்காகவே அப்பா எடுத்து வைத்திருந்திருக்கிறார். அதை நான் கலர் அடித்து, ஆர்டர் கொடுத்து, அவர் கருமாதியில் வைத்திருக்கிறேன்.

மாமா அழுவார் என்று நினைத்தேன். அவர் போட்டோவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“மாப்ள, கேட்டுக்க.”

“அண்ணே, நேரமாவுது” என்றார் பண்டாரம்.

“இருய்யா! பதில் சொல்லிட்டு வரேன். மாப்ள, ஒனக்கு கொழுகொழுன்னு கை, அதான் கடிக்குது. சேப்டிய பின்னால பெருசா மாத்திட்டான், நீ பழசையே பாத்துக்கிட்டிருக்க. ட்ரிகரு இறுக்கமாம்! மெகசினைக் கழட்டிட்டு, உள்ள ஒரு குண்டு இருக்கறத மறந்துட்டு, எவனும் கால்ல சுட்டுக்கக் கூடாதுன்னு வச்ச சாமான்யா அது! அதுக்குக் கெட்ட பேரா? ஒன்னோடது என்னா பெருசு? கையில தூக்குனா செங்கல்லு. குண்டு ஏழு! எட்டாவது ஆளு வந்தா என்னா பண்ணுவ? சொல்லு மாப்ள. சொல்லு!”

அப்பா போட்டோவில் சிரித்தபடியே இருந்தார்.

“சொல்லுடா” என்றார் மாமா மறுபடியும், மெதுவாக.

அப்பா அந்தக் கேள்விக்கு ஒருநாளும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கொள்ளி வைக்கவிடவில்லை, பக்கத்தில் நிற்கவிடவில்லை, இப்போது அவரைத் தோற்கவும் விடுவதா? படையலில் இருந்த பிஸ்டலைக் கையில் எடுத்தேன்.

“ஏழு போதும் மாமா! குறி தப்பாதவனுக்கு ஏழே அதிகம்!”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கோ நிற்கவில்லை. இத்தனை வருஷமும் தூங்கவிடாமல் காதில் ஊற்றியதெல்லாம் வாய் வழியாக வந்தது.

“ஏழு பேரு விழுந்ததப் பாத்துட்டு எட்டாவது ஆளு வருவானா? ஓடிருவான்! செங்கல்லு மாதிரி இருக்கறதாலதான் சுடும்போது கை தூக்காது! ஆடுதுன்னு சொன்னீங்கள்ல, ஆடட்டும்! சேத்துல போட்டு எடுத்தாலும் சுடும்! ஒங்களோடது சுடுமா?”

ஒவ்வொரு கேள்விக்கும் பிஸ்டலை மாமாவின் நெஞ்சுக்கு நேராக நீட்டி நீட்டிக் கேட்டிருக்கிறேன் போல. அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் கோப்ரல், சாரோங் கட்டிக்கொண்டு, கையில் ஒரு தட்டு நிறைய கூயே பலகாரத்தோடு வந்து நின்றார்.

அவர் பார்த்தது இதுதான்: தலையை விரித்துப் போட்ட ஒரு பெண், கையில் பிஸ்டல், எதிரே கையைத் தூக்கிய வேலு மாமா. (மாமா பேச்சில் ஜெயிக்கப் போகும்போது கையைத் தூக்குவார். அது கோப்ரலுக்குத் தெரியாது.) அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே சாரோங் முடிச்சுத்தான் இருந்தது.

“தேவி,” என்றார் மலாயில், தூங்குகிற குழந்தையிடம் பேசுகிற குரலில். “முதல்ல அதக் கீழ வை.”

பயத்தில் கையை விட்டுவிட்டேன். டமார் என்று வெடிக்கும் என்று எல்லாரும் கண்ணை மூடினார்கள். அது காற்றில் ஒரு தடவை புரண்டு, ஆட்டுக்கறிக் குழம்பில் போய் உட்கார்ந்தது.

“பேப்பர்தாங்க என்சே” என்றேன். (என்சே என்றால் மலாயில் ஐயா.) அழுகை வந்துவிட்டது.

பண்டாரத்தைத் தேடினால் காணோம். ஹெல்மெட் மாட்டி, மோட்டரில் ஏறி, சாவியைத் தப்பான பாக்கெட்டில் தேடிக்கொண்டிருந்தார். அம்மா போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். மீதி மந்திரத்தை ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொல்லி முடித்தார். அப்பாவுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

கோப்ரல் பிஸ்டலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். குழம்பு சொட்டியது. மாமாவுக்கு அப்போதும் அடங்கவில்லை.

“என்சே, நீங்க சொல்லுங்க. ஏழா, பதிமூணா?”

கோப்ரல் பெருமூச்சு விட்டார். “ஸ்டேஷன்ல குடுக்கறத காலையில மாட்டுவேன். சாயந்திரம் திருப்பிக் குடுப்பேன். நடுவுல இடுப்பு வலிக்கும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

இத்தனை வருஷச் சண்டையில் நிஜமாகத் துப்பாக்கி வைத்திருக்கிற ஒரே ஆள் சொன்ன தீர்ப்பு அது. மாமா அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

எல்லாரும் சாப்பிடும்போது நான் பின்பக்கம் குப்பைத் தகரத்துக்குப் போனேன். ஆண்டி எரிக்கச் சொல்லியிருந்தாரே. அவமானத்தில் முகம் எரிந்ததே தவிர பிஸ்டல் எரியவில்லை. மாமா பின்னாலேயே வந்து, தீப்பெட்டியை வாங்கி அவரும் உரசிப் பார்த்தார். குழம்பில் ஊறியது, புகைந்து புகைந்து அணைந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “பாத்தீங்களா மாமா? கொஞ்சம் கொழம்பு பட்டதுக்கே ஒங்க நைன் எம்எம் ஜாமாயிருச்சி.”

மாமா என்னை முறைத்தார். அப்புறம் சிரித்தார். தகரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

“அவன் வாயிடி ஒனக்கு” என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அன்றிலிருந்து எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், நான் உள்ளே நுழைந்தவுடன் சொந்தக்காரர்கள் இரண்டு கையையும் தூக்குகிறார்கள். அந்தப் பண்டாரம் இப்போதும் என்னைப் பார்த்தால் சாவி எங்கே என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சித்தி இந்தக் கதையை நடித்தே காட்டிவிட்டார். அவர்கள் பலகாரம் சாப்பிட்டார்கள், போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான்.

“இந்தப் பேச்சு அந்த மனுஷனோட போயிரும்னு நெனச்சேன்” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்கிறார்.

எங்கே போகிறது? கருமாதி முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன். மாமாவின் மோட்டர் வந்து நின்றது. கேட்டைத் திறக்கிற சத்தம். பிறகு பழக்கத்தில், எப்போதும் கூப்பிடுகிற அதே சத்தத்தோடு, “மாப்ள!” என்று கூப்பிட்டுவிட்டார்.

அப்புறம் செருப்பைக் கழற்றுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. திரும்பிப் போகவும் முடியாமல் வாசலிலேயே நிற்கிறார் என்று எனக்குப் படுக்கையிலிருந்தே தெரிந்தது.

எனக்கு இன்றைக்கும் துப்பாக்கி பிடிக்காது. இருந்தாலும் எழுந்தேன். முகம்கூடக் கழுவாமல் அப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

“வாங்க மச்சான்” என்றேன். “ஏழே போதும்.”