எட்டாவது விதை

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டில் ஏழு கண்ணாடி ஜாடிகளைக் கழுவியாக வேண்டும். கழுவுகிறவர் மனைவி. அடியில் ஒட்டிக்கிடக்கும் பொடியைச் சின்ன பிரஷ்ஷால் சுரண்டி, வெந்நீர் விட்டுக் குலுக்கி, துடைத்து, ஜன்னலோரம் கவிழ்த்துவைத்து, ஈரம் போனபிறகு பூசணி விதையைப் பூசணி ஜாடியிலும் ஆளிவிதையை ஆளி ஜாடியிலும் இடம் மாறாமல் நிரப்பி, மூடியை இறுக்கி அலமாரியில் அடுக்குவதும் அவர்தான். வறுப்பதும் அவர். கருகினால் பேச்சு வாங்குவதும் அவர். தின்பதும், தின்பதைப் பற்றிப் பேசுவதும் மட்டும் கணவர்.

இந்தக் கணவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் ஒருவர், உறவில் ஒருவர், பேருந்தில் எப்போதும் உங்கள் பக்கத்து இருக்கையில் ஒருவர் என்று பரவலாகக் காணப்படும் இனம் இது. பெயர் விதைக்காரர். நிலம் நீச்சு எதுவும் கிடையாது. இவர் விதைப்பதெல்லாம் அடுத்தவர் காதில்.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. சட்டைப் பையில் ஒரு குட்டி டப்பா இருக்கும். நடந்தால் கலகலக்கும். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூடிப் பேசினவாம். இங்கே பூனையே தன் கழுத்தில் மணியைக் கட்டிக்கொண்டு வருகிறது. எலிகளுக்குத்தான் ஓடி ஒளிய நேரம் போதுவதில்லை.

பிறகு அந்தக் கேள்வி.

"காலைல என்ன சாப்ட்டீங்க?"

நீங்களும் நானும் இதை மரியாதைக்குக் கேட்போம். அவர் வக்கீல் மாதிரி கேட்பார். ரொட்டி என்றால் "ஐயோ" என்பார். ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் "ஐயையோ" என்பார். தப்பித்துவிடலாம் என்று நினைத்துப் பழம் என்று சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

"பழம் சரி. அதோட விதைய என்ன பண்ணீங்க?"

"துப்பிட்டேன்."

கண்ணை மூடிக்கொள்வார். துக்க வீட்டில்கூட அப்படி ஒரு முகத்தைப் பார்க்க முடியாது.

நியாயமாகப் பேச வேண்டும். விதை நல்லதுதான். நார் இருக்கிறது, புரதம் இருக்கிறது, நல்ல எண்ணெய் இருக்கிறது. ஒரு கைப்பிடி தின்றால் கண்டதையும் தேடும் பசி கொஞ்சம் அடங்கும். குடலும் சொன்ன பேச்சைக் கேட்கும். இதையெல்லாம் யார் மறுத்தார்கள்? விதை பாவம், அது தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிறது. தின்கிறவருக்கு வாய் இருப்பதுதான் சிக்கல்.

நம்மவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். கண்ணைச் சோதித்து, பவர் எழுதி, கண்ணாடி மாட்டிவிடுகிற தொழில். விதைக்காரருக்கு இதைவிடத் தோதான தொழில் உலகத்தில் இல்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் இருட்டறையில் உட்கார்ந்து, இயந்திரத்தின் தாங்கியில் தாடையை வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். ஆடக்கூடாது. பேசக்கூடாது. இமைக்கவும் கூடாது. அந்த நேரம் பார்த்து, "கண்ணு வறண்டு கெடக்கே, ஆளிவிதை சாப்பிடறதில்லையோ?" என்று ஆரம்பித்தால் அந்த மனிதர் எங்கே போவார்? ஒருமுறை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கண் சோதிக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்க முடியாமல் வெகுநேரம் திணறினார். கடைசியில், "அது தெரியல சார். உங்க முன்பல்லுல ஒரு கறுப்பு விதை இருக்கு பாருங்க, அது நல்லாத் தெரியுது" என்றார்.

விதையோடு நின்றால் பரவாயில்லை. சத்துருண்டை என்று ஒன்று இருக்கிறது. பேரீச்சம்பழத்தையும் பாதாமையும் ஏழு ஜாடி விதைகளையும் சேர்த்து இடித்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டியது. உருட்டுவது யார் என்று கேட்க மாட்டீர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றைத் தயார்செய்ய ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்னால் செரிக்க ஒன்று, நடுவில் சோர்வு தட்டினால் ஒன்று, தட்டாவிட்டால் தட்டாமலிருக்க ஒன்று. "அது சாப்பாட்டுக் கணக்குல வராது, சத்துக் கணக்கு" என்பார். பெல்ட்டுக்கு இந்த வித்தியாசம் புரியவில்லை. புதிதாக ஓர் ஓட்டை போடவேண்டி வந்தது. நம்மவரும் முழுக்க ஏமாளியல்ல. குளியலறைக் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று, வயிற்றை உள்ளே இழுத்து, இது ஒருவேளை தசையாக இருக்குமோ என்று ஒரு கணம் நம்பியிருக்கிறார். மூச்சை விட்டதும் வயிற்றோடு சேர்ந்து நம்பிக்கையும் தொங்கிவிட்டது. என்ன செய்வது, உலகத்துக்குச் சொன்னது சொன்னதுதானே!

உலகத்துக்கு அவர் சொன்னதில் மணிமகுடம் டாக்டர் கதை. டாக்டர் இரத்த அழுத்தம் பார்த்தாராம். அசந்துபோனாராம். "இந்த வயசுல இவ்வளவு ஒழுங்கா இருக்கே, என்ன பண்றீங்க?" என்று கேட்டாராம். இவர் ஏழு விதைகளையும் வரிசையாகச் சொன்னாராம். "இதையே தொடருங்க" என்றாராம் டாக்டர். கடையில் பில் போடும் பெண்ணுக்கு இந்தக் கதை மனப்பாடம். "அசந்துபோனார்" என்ற இடத்தில் அவளுடைய உதடும் அசையும். லென்ஸ் வெட்டுகிறவர் கதை தொடங்கியதும் வெட்டவேண்டியது இருக்கிறதோ இல்லையோ இயந்திரத்தை ஓடவிட்டுவிடுவார்.

கதையில் ஒரு சின்ன விவரம் மட்டும் விட்டுப்போகும்.

தினமும் காலையில் மனைவி ஒரு கிண்ணத்தில் ஏழு விதைகளையும் கலந்து வைப்பார். அதன் உச்சியில், கோபுரத்துக்குக் கலசம் மாதிரி, வெள்ளையாக, வட்டமாக, நடுவில் கோடு போட்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். இரத்த அழுத்த மாத்திரை. தனியாகக் கொடுத்தால் "அப்புறம் போட்டுக்கறேன்" என்று சொல்லி மறந்துவிடுகிறார் என்பதால் மனைவி கண்டுபிடித்த வழி. நம்மவர் முதல் கரண்டியில் அதை அள்ளி, கண்ணை மூடி, தண்ணீர் விட்டு விழுங்கிவிடுவார். மற்றதை மென்று ருசிப்பார். விழுங்கியதை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜாடி ஏழு, விதை எட்டு. பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பொய்க்கு ஞாபகசக்தி வேண்டும். இவர் உண்மையாகவே மறந்துபோயிருந்தார்.

எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிற வரையில் இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஒருவன் மட்டும் காது கொடுத்துக் கேட்டான். மனைவியின் தம்பி.

சரக்கு வேன் ஓட்டுகிறவன். நல்ல ஆகிருதி, வெள்ளை மனசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.

"சத்தம் கேக்குதா மாமா?"

கலகலத்தது. நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் ஊதிய சங்குக்கு முதல்முறையாக ஒரு செவிடன் அல்லாதவன் அகப்பட்டிருக்கிறான்!

"வா மாப்ளே, உக்காரு. காலைல என்ன சாப்ட்ட?"

"ரெண்டு ஸ்பூன் விதை, ஒரு உருண்டை. அப்படியே நீங்க சொன்ன மாதிரி. மாத்திரையையும் தூக்கிப் போட்டுட்டேன்."

சமையலறையில் ஜாடி கழுவுகிற சத்தம் நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எந்த மாத்திரைய?" என்று கேட்டுக்கொண்டே ஈரக்கையோடு வந்து நின்றார் மனைவி.

"பிரஷர் மாத்திரைதான்க்கா. ஒரு மாசமாச்சு. மாமாதான் சொன்னாரே, மாத்திரை முழுங்கறவன் சோம்பேறி, விதை மெல்றவன் உழைப்பாளின்னு."

சொன்னது உண்மை. அப்படிப்பட்ட வாக்கியங்கள் அவருக்குத் தானாக வரும். ஓசை நன்றாக இருந்ததால் அன்று இரண்டு முறை வேறு சொன்னார்.

"தலை கிலை சுத்துதாடா?"

"முந்தாநாள் மூட்டை எறக்கறப்போ கொஞ்சம் கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். உடம்புல இருக்கற கழிவெல்லாம் வெளிய போகுது, நல்ல அறிகுறின்னாரு."

"நாளைக்கு லோடு இருக்கா?"

"இருக்கே. வெளியூர். விடியறதுக்கு முன்னாடி வண்டிய எடுக்கணும்."

மனைவி கணவரைப் பார்த்தார். திட்டியிருந்தால் நம்மவர் சமாளித்திருப்பார். திட்டுக்கு அவரிடம் எப்போதும் பதில் உண்டு.

"மாப்ளே, வந்து... ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி..." என்று இழுத்தார்.

"நீங்க மாத்திரை எடுத்துக்கறதில்லையே மாமா?"

அன்றைய கிண்ணம் மேசையில் அப்படியே இருந்தது. மைத்துனன் வருகிறான் என்று தெரிந்து, பார்வையாளர் முன்னிலையில் சாப்பிடலாம் என்று நம்மவரே ஒத்திவைத்திருந்தார். ஆசை யாரை விட்டது? இப்போது மைத்துனன் அதன் மேல் குனிந்து, நல்ல மாணவனைப்போலத் தன் டப்பாவோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பூசணி இருக்கு, எள்ளு இருக்கு, சூரியகாந்தி இருக்கு... இது என்ன விதை மாமா? வெள்ளையா, நடுவுல கோடு போட்டு? எங்கிட்ட இது இல்லியே."

இந்த இடத்தில் ஒரு யோக்கியர் உண்மையைச் சொல்லியிருப்பார். நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது... கொஞ்சம் அபூர்வமானது."

"அப்ப இதான் மெயின் ஐட்டம்னு சொல்லுங்க! அதான் எனக்கு இன்னும் முழுசாப் பலன் தெரியல. ஒண்ணு போட்டுப் பாக்கறேன்." இரண்டு விரலால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான்.

"போடாதே!"

"ஏன் மாமா?"

"அது விதை இல்ல மாப்ளே."

"பின்னே?"

"மாத்திரை."

"எதுக்கு?"

"பிரஷருக்கு." அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருக்கிறது என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

"எப்பலேர்ந்து?"

இதற்கு மனைவி பதில் சொன்னார். "விதைக்கு முன்னாடியிலேர்ந்து."

மைத்துனன் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவன் மாத்திரையை எடுத்த இடத்திலேயே, கலசம் சரியாமல், பதமாக வைத்தான். தன் டப்பாவை மூடினான். "அப்ப அந்த டாக்டர், இதையே தொடருங்கன்னு சொன்னது..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டான்.

"வண்டிச் சாவியக் குடு" என்றார் அக்கா. வாங்கி, அப்போதுதான் கழுவிய ஜாடி ஒன்றில் போட்டு மூடியைத் திருகினார். "என்னங்க, எழுந்திருங்க. ஆட்டோ புடிச்சு இவனக் கூட்டிட்டுப் போங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருமுறை பிரஷர் பார்த்து, நம்பாமல் இன்னொரு கையிலும் பார்த்து, எழுந்து டாக்டரை அழைக்க ஓடினாள். டாக்டர் வந்து பார்த்தார். "இந்தப் பிரஷரோட நாளைக்கு வண்டி எடுத்திருந்தா, அது எங்க போய் நின்னிருக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். "மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?"

நம்மவர் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் படிக்கத் தொடங்கினார். கடைசி வரிவரை துல்லியமாகத் தெரிந்தது.

"யாரோ சொன்னாங்க டாக்டர்" என்றான் மைத்துனன்.

அந்த யாரோ பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"விதை நல்லதுதான், தாராளமா சாப்பிடுங்க" என்று எழுதிக்கொண்டே சொன்னார் டாக்டர். "ஆனா மாத்திரை வேலைய மாத்திரைதான் செய்யணும். சொல்றவங்க ஆயிரம் சொல்லுவாங்க."

அன்று இரவே அழுத்தம் இறங்கிவிட்டது. வெளியூர் லோடை வேறொருவர் ஓட்டிப் போனார். இரண்டு நாள் நம்மவரின் சட்டைப் பையில் சத்தமே இல்லை. "சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பில் போடும் பெண் பயந்துபோய்க் கேட்டாள். திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் நாள் ஒரு தபால்காரர் தாடையைத் தாங்கியில் வைத்தார். நம்மவர் விளக்கை அணைத்தார். பிறகு:

"மாத்திரை ஏதாவது எடுத்துக்கறீங்களா?"

"ம்ம்" என்றார் தபால்காரர். தாடை தாங்கியில் இருக்கும்போது அவ்வளவுதான் முடியும்.

"விடவே கூடாது, கேட்டீங்களா? எங்க மைத்துனன் ஒருத்தன், யாரோ சொன்னாங்கன்னு நிறுத்திட்டான். சொல்றதுக்குன்னே சில பேர் அலையறாங்க சார், கையில கெடச்சா..."

பின்னறையில் லென்ஸ் வெட்டுகிற இயந்திரம் ஓடத் தொடங்கியது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பையில் விதை டப்பா கிடையாது, அதனால் இந்த இனத்தில் நீங்கள் சேர்த்தியில்லை. சரி. விடிகாலை நடையால்தான் முட்டிவலி போயிற்று என்று நாலு பேரிடம் சொன்னீர்களே, அதற்கு முன்னால் போட்டுக்கொண்ட ஊசியைச் சொன்னீர்களா? வெந்நீரால்தான் தோல் மின்னுகிறது என்றீர்களே, மேசை இழுப்பறையில் இருக்கிற களிம்பு யாருடையது? போகட்டும், கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். உங்கள் ஜாடியைக் கழுவுவது யார்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழு ஜாடிகளும் தொட்டியில் கழுவாமல் கிடந்தன. மனைவி தொடவில்லை. உச்சிவேளைவரை பார்த்துவிட்டு நம்மவரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார். ஆளி ஜாடி எது, எள்ளு ஜாடி எது என்று தெரியவில்லை. கழுவக் கழுவப் பொடி நகத்திடுக்கில்தான் ஏறியது. மேசையில் கிண்ணம் இருந்தது. அதன் உச்சியில் கலசம் இல்லை. பக்கத்தில் ஒரு தனித் தட்டு. அதில் மாத்திரை அட்டையும், வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு தம்ளர் தண்ணீரும்.

"ஏம்மா, உன் தம்பி இன்னிக்கு வருவான்ல?"

மனைவி தம்ளரைத் தட்டுக்கு நடுவில் நகர்த்திவைத்தார்.

"வரச் சொல்லேன். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். காலைல என்ன சாப்ட்டன்னுகூடக் கேக்க மாட்டேன்." ஜாடியைக் கவிழ்த்தார், அது உருண்டது, பிடித்துக்கொண்டார். "மாத்திரையப் பத்தி மட்டும் சின்னதா ஒண்ணு சொல்லுவேன். நல்லதுக்குத்தானே?"

மனைவி கைத்துண்டை ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.