சேத்து பாயும் சுடுதண்ணி மிஷினும்

சேற்றைப் பார்த்தே ஊர்ப் பெயர் சொல்லக்கூடியவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் கீழ்வேளூரில் வாட்டர் வாஷ் ஷெட் வைத்திருக்கிறார். வேறு யாராவது சொல்கிறேன் என்று வந்தால் நம்பாதீர்கள், சும்மா அடித்துவிடுகிறார்கள்.

அவருக்கு வாப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எதிரே பத்து வருடம் ஜெராக்ஸ் கடை நடத்திய எனக்கே அது தெரியாது. ஊருக்கு அவர் சேத்து பாய். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வந்து நிற்கும் அறுவடை மிஷின்களைக் கழுவித் தருவது தொழில். ஆனால் வண்டி வந்ததும் தண்ணீரைத் திறந்துவிட மாட்டார். குனிந்து ஒரு பிடி சேற்றைச் சுரண்டி, இரண்டு விரலால் நசுக்கி, மோந்து பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

ஒருநாள் ஒரு மிஷின்காரர் தன் டிரைவரோடு வந்தார். "மூணு நாளா தலைஞாயிறுலயே கெடந்தோம் பாய், வயலே காயல" என்றான் டிரைவர்.

பாய் விரலைப் பார்த்தார். "தலைஞாயிறு சேறு உவர் தம்பி. காஞ்சா வெள்ளை பூக்கும். இது கொள்ளிடத்து வண்டலாச்சே. திருப்பனந்தாள் பக்கம் போயிருந்தீங்களா?"

முதலாளி டிரைவரைப் பார்த்தார். முதலாளிக்குத் தெரியாமல் தனியாக ஒரு நடை ஓட்டிவிட்டு வந்திருந்த டிரைவர் வானத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் எங்கள் தெரு வழியாகவே வருவதில்லை.

இதில் உபயோகமும் உண்டு. சேறு எங்கே எண்ணெய்ப் பசையாக இருக்கிறதோ அங்கே உள்ளே ஆயில் ஒழுகுகிறது என்று பாய் கண்டுபிடித்துவிடுவார். நடு வயலில் நின்று மானத்தை வாங்கியிருக்க வேண்டிய எத்தனையோ மிஷின்கள் அப்படித் தப்பித்திருக்கின்றன.

பாய் சேற்றைப் படித்து முடித்ததும் கழுவுகிறவர் மாரியப்பன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. டீசலில் பிரஷ்ஷை நனைத்து கிரீஸைத் தேய்த்து, சோப்புத்தூள் போட்டு, பச்சைத் தண்ணீரில் அடிப்பார். ஒரு வண்டிக்கு நாலு மணி நேரம். அவரிடம் எங்களுக்கு ஒரே ஒரு கேலிதான். மத்தியானச் சோற்றை ஸ்பூனால் சாப்பிடுவார், மீன் குழம்பைக்கூட. "கலெக்டர் சாப்பிட உக்காந்துட்டார், யாரும் மனு கொடுக்காதீங்க" என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவரும் சிரித்துக்கொள்வார்.

இப்படி இருக்கையில் பைபாஸில் ஒரு புது ஷெட் வந்தது. அங்கே சுடுதண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் மிஷின். அரை மணியில் வண்டி பளபளவென்று வெளியே வருகிறதாம். பாய் ஷெட்டில் வரிசை குறைந்தது. அது போதாதென்று மாரியப்பனையும் அங்கே வேலைக்குக் கூப்பிட்டார்கள். அதை அவரே வந்து சொன்னார்.

"சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம் பாய்."

"நீ என்ன சொன்னே?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

பாய் செல்போனை எடுத்தார். தஞ்சாவூருக்குப் போன் போட்டார். திங்கட்கிழமையே சேல்ஸ்காரர் ஒரு சுடுதண்ணி மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார். "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க பாய். சனிக்கிழமை வர்றேன். புடிச்சா வச்சுக்குங்க, இல்லன்னா ஏத்திக்கிட்டுப் போயிடறேன்" என்றார் பாவம். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

மிஷினோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்ததால் நான் மாட்டிக்கொண்டேன். தண்ணீர் தொண்ணூறு டிகிரி வரை சுடும் என்று படித்தேன்.

"தொண்ணூறுன்னா நம்ம டீயவிடச் சூடா?"

"தெரியலயே பாய்."

டீ வந்தது. தெர்மாமீட்டரும் வந்தது, காய்ச்சலுக்கு வைப்பது. டீக்குள் விட்டதும் அது டப்பென்று உடைந்தது. டீ போச்சு, தெர்மாமீட்டர் போச்சு, விடை மட்டும் கிடைக்கவில்லை.

அடுத்த சந்தேகம், எங்கள் ஊர் போர்த் தண்ணீரின் உப்பு மிஷினின் சூட்டுக் குழாயில் படியுமா என்பது. நியாயமான சந்தேகம்தான். அதற்காகப் போர்த் தண்ணீரைப் பதினோரு தடவை வீட்டில் வற்றக் காய்ச்சினார். அவர் மனைவி சட்டியோடு ஷெட்டுக்கே வந்துவிட்டார். "என்னங்க, பால் காய்ச்சுற சட்டியில உப்பளம் போட்டு வச்சிருக்கீங்க. வேதாரண்யத்துக்கே போய் உக்காந்துக்குங்க" என்றார். பாய் சட்டியை வாங்கி அடியைச் சுரண்டி, "படியத்தான் செய்யுது. நல்ல தண்ணி டேங்க் வச்சுக்கணும்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

இதற்கு நடுவிலேயே பெரிய பரீட்சையும் நடந்தது. ஒரு தகரத்தில் சாக்பீஸால் ஒன்பது கட்டம் போட்டு, வல்லத்துச் செம்மண், கொள்ளிடத்து வண்டல், எங்கள் ஊர்க் கரிசல் களி என்று ஒவ்வொன்றாக அப்பி, கிரீஸ் கலந்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தார். வியாழக்கிழமை மாரியப்பன் சுடுதண்ணீர் அடித்ததில் ஒன்பது கட்டமும் ஒரே ஓட்டத்தில் போய்விட்டன, சாக்பீஸ் கோடு உட்பட. நான் கைதட்டினேன். பாய் முகம் தொங்கிப்போயிற்று.

"எல்லாம் சுத்தமாயிடுச்சு தம்பி. எங்க ஒழுகுதுன்னு இனி எதப் பாத்துச் சொல்றது?"

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பாய், நாளன்னிக்கு சனிக்கிழமை. மிஷினும் போயிடும், மாரியப்பனும் போயிடுவார். நீங்க சேத்த வச்சுக்கிட்டு உக்காந்திருங்க" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு விட்டுப்போச்சு. புது மிஷினத்தான் டெஸ்ட் பண்ணோம். பழைய முறைய யாரு டெஸ்ட் பண்ணா?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் மாரியப்பனை நாற்காலியில் உட்காரவைத்து, கையில் செல்போனைக் கொடுத்து நேரம் பார்க்கச் சொல்லிவிட்டு, பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, காத்திருந்த ஒரு வண்டியைத் தானே கழுவ இறங்கினார். டீசல், பிரஷ், சோப்புத்தூள். மாரியப்பன் மூன்று தடவை எழுந்தார், மூன்று தடவையும் உட்காரவைக்கப்பட்டார். வண்டி முடிய நாலரை மணி நேரம் ஆயிற்று. அப்புறம் குளித்து ஜும்மாவுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்திருந்தது.

ஒரு கவளம் பிசைந்தார். விருட்டென்று கையை உதறினார். டீசலும் சோப்பும் அரித்து விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. குழம்பின் காரம் உள்ளே இறங்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாரியப்பன் தன் பையைத் திறந்து ஸ்பூனை எடுத்து, துண்டில் துடைத்து, பாயிடம் நீட்டினார்.

பாய் ஸ்பூனைப் பார்த்தார், மாரியப்பனின் விரல்களைப் பார்த்தார். "இது எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும் பாய்."

"எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"நீங்க கீழ குனிஞ்சு சேத்தப் பாத்துக்கிட்டிருப்பீங்க. எப்ப சொல்றது?"

அன்று யாரும் சிரிக்கவில்லை. கலெக்டர், மனு என்று பேசிய வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை சேல்ஸ்காரர் பெரிய பேச்சோடு வந்தார். வாயைத் திறப்பதற்குள், "மிஷின் இங்கயே இருக்கட்டும்" என்றார் பாய்.

"எல்லாச் சேத்துலயும் பாஸ் ஆயிடுச்சா பாய்?"

"அது பாஸ். நான்தான் ஃபெயிலு" என்றார் பாய்.

மாரியப்பன் பைபாஸுக்குப் போகவில்லை. இப்போதும் பாய் முதலில் ஒரு பிடி சேற்றைச் சுரண்டிப் படிப்பார். அவர் நகர்ந்த பிறகுதான் மாரியப்பன் கையுறை மாட்டிக்கொண்டு சுடுதண்ணீர் அடிப்பார். மத்தியானம் இருவரும் கையால் பிசைந்து சாப்பிடுகிறார்கள். அந்த ஸ்பூனால்தான் பாய் சேறு சுரண்டுகிறார்.

நான் கடையைத் தஞ்சாவூருக்கு மாற்றிவிட்டேன். மாதம் ஒரு தடவை கீழ்வேளூர் போகிறேன், வேலை இருக்கிறதோ இல்லையோ. போகும்போது ஸ்கூட்டரைக் கழுவுவதில்லை. தார்ரோடு நன்றாகவே இருந்தாலும் வழியில் எங்காவது வாய்க்கால் கரையில் இறக்கி ஏற்றிக்கொண்டுதான் போகிறேன். பாய் குனிந்து பார்த்துச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டாமா.