மிச்சக்கதை அண்ணனும் பதினாலாவது நிமிடமும்

ஹட் பே என்ற எங்கள் தீவு ஊரில் "தெரியாது" என்ற சொல்லை வாயில் எடுக்காத ஒரே மனிதர் எங்கள் மிச்சக்கதை அண்ணன். கப்பல் எப்போது வரும் என்று கேட்டால் கேப்டனுக்கே தெரியாத நேரத்தைச் சொல்வார்.

கப்பல் வந்து நிற்கும் ஜெட்டி பக்கத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். அன்றைய இன்டர்நெட்டில் ஒரு பாட்டு இறங்குவதற்குள் உலையில் சோறு வெந்துவிடும். அதனால் போர்ட் பிளேர் போகும்போதெல்லாம் பென் டிரைவில் ஒரு டிவி தொடரைப் பிடித்து வருவார். ஒரு வாண்டுப் பையன், அவனிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் அப்பா, அம்மா, ஹெட்மாஸ்டர். அதைப் பார்க்கத் தெருவே எங்கள் வீட்டில் கூடும்.

ஒரே சிக்கல், அங்கே ஊர் திரும்பும் கப்பல் ஹாரன் அடித்தால் அண்ணனுக்குக் கைகால் ஓடாது. ஃபைல் காப்பி ஆகி முடியும் முன்பே பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார். கடைசி எபிசோட் எப்போதும் பாதியில் நின்றுவிடும்.

"அப்புறம் என்னண்ணே ஆச்சு?"

"அச்சா, அதை நான் அங்கயே முழுசா பாத்துட்டேன்ல" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு மிச்சத்தைச் சொல்வார். எந்த எபிசோடாக இருந்தாலும் மிச்சத்தில் ஹெட்மாஸ்டரை முதலை துரத்தும்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் தம்பி, அந்த ஊர்ல கடலுமில்ல, ஆறுமில்ல. முதலை எங்கருந்து வந்துச்சு?"

"மெயின்லேண்டுல கெடைக்காத சாமான் இருக்கா அக்கா?"

நான் சென்னைக்குப் படிக்கப் போய், ஹாஸ்டலில் அந்த முதலைக் கதையைச் சொல்லி அசடு வழிந்தது தனிக்கதை.

ஒருமுறை, அந்தப் பையன் அப்பாவின் ஸ்கூட்டரைக் குட்டையில் தள்ளிவிட்டு, பயந்து வீட்டைவிட்டே ஓடிவிட்டான். பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கிறான். பதினாலாவது நிமிடம், படம் நின்றது. நாங்கள் எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த என் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பினார்.

"அப்பா வந்தாரு. திட்டல. சாப்பிட்டியாடான்னு கேட்டாரு. அவ்வளவுதான்."

அன்றைக்கு முதலை வரவில்லை. பரீட்சையில் தோற்ற என்னோடு ஒரு வாரமாகப் பேசாமல் இருந்த அப்பா, அதற்குப் பிறகு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். அந்தச் சோற்றின் ருசியை நான் மறக்கவில்லை.

இப்போது தீவுக்கு நல்ல நெட் வந்துவிட்டது. போன லீவுக்கு ஹட் பே போனபோது அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"தங்கச்சி, பழைய எபிசோடெல்லாம் போன்ல வருதாமே. அந்த பஸ் ஸ்டாண்டு எபிசோடும் வருமா?"

"வரும்ண்ணே."

"பாத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

"எல்லாரும் பாத்தா என்னையப் பொய்க்காரன்னு சொல்லிருவாங்களோ?" எதுவும் தெரியாத மனிதராக அவரை நான் அன்றுதான் பார்த்தேன், மனசு கஷ்டமாகிவிட்டது.

அவர் எதிரிலேயே போனில் அந்த எபிசோடை ஓடவிட்டேன். ஸ்கூட்டர், குட்டை, பஸ் ஸ்டாண்டு. பதினாலாவது நிமிடம் வந்ததும் நானே நிறுத்தினேன்.

"நெட்டு நின்னுபோச்சுண்ணே. அப்புறம் என்ன ஆச்சு?"

போனில் சிக்னல் முழுசாக இருந்ததை அவரும் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இந்த முறை அப்பாவோடு முதலையும் வந்தது. வரட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.