இமயமலைக்கு ஒரு முழு மக்ரூன்

இந்தியாவில் பெரிய பைக் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். பெட்டிக்குள் வைத்த மக்ரூன் உடைகிறதா இல்லையா என்று பார்த்து வாங்கியவர் எங்கள் தெரு வின்ச் அண்ணாச்சி ஒருவர்தான். விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் சரக்கை இறக்கும் வின்ச்சை ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. பாதிரியாரைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதையும் அதிராமல் இறக்கிவைப்பதில் அவருக்கு ஒரு கர்வம். டீ கிளாஸை அவர் மேசையில் வைத்தால் சத்தமே வராது. எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியை டங்கென்று வைத்தவனைப் பார்த்து, “ஏலே, ஒன்ன கப்பல்ல விட்டா சரக்கு அடித்தட்ட ஒடச்சிக்கிட்டுக் கடலுக்குப் போயிரும்” என்றார். அவன் அதன் பிறகு பாயசத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான்.

அவருடைய அக்கா கன்னியாஸ்திரி. இளவயதிலேயே இமாச்சல மலையூர் மடம் ஒன்றுக்குப் போனவர். முழங்கால் வலி வந்தபின் ஊருக்கு வருவது நின்றுபோனது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அண்ணாச்சி மக்ரூன் பார்சல் அனுப்புவார். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்து கூம்பாக நிற்கும் அந்தப் பண்டம், சற்று அழுத்திப் பார்த்தாலே நொறுங்கும். மலை போய்ச் சேரும்போது மாவாகிவிடும். ஒருமுறை அக்கா போனில் ஆறுதலாக, “தூளும் ருசியாத்தாம்ல இருக்கு” என்று சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி அன்று சாப்பிடவில்லை. “தூத்துக்குடிக்காரன் அக்காவுக்குத் தூளு அனுப்புதான்னு அந்த மலை முழுக்கப் பேச மாட்டாவளா? நானே கொண்டுபோயி முழுசா அவ கையில வைக்கேன்” என்றார்.

“ரயில்ல போங்களேன்” என்றேன்.

“ரயிலு குலுக்குத குலுக்கு எனக்குத் தெரியும். நிப்பாட்டி எறக்க நம்ம கையில பிடி இருக்கணும்ல.”

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை மதுரை ஷோரூமுக்குப் போனோம். புதன்கிழமை என்று அவர் மனைவி ஞானம் அக்கா சொல்வார். புதன் அல்ல, உடன் போனவன் நான். நடுவில் ஆளுயரத்துக்கு நின்றது அந்த வண்டி. நெடும்பயணத்துக்கென்றே செய்தது. இரு பக்கமும் அலுமினியப் பெட்டி, முன்னால் உயரமான கண்ணாடி, டாங்க்கில் எண் பொறித்த சின்னத் தகடு.

“ஸ்பெஷல் எடிஷன் சார். கொஞ்சம் வண்டிதான் செஞ்சிருக்காங்க. பாலைவனம், பாறை, ஆறு, எதுல வேணா ஏறும்” என்றார் விற்பனைப் பையன்.

“ஏறுறது கெடக்கட்டும் தம்பி. எறங்கும்போது அதிருமா?”

இப்படி ஒரு கேள்வியை அந்தப் பையன் பயிற்சியில் படித்திருக்கவில்லை. அண்ணாச்சி பையிலிருந்து மக்ரூன் பொட்டலத்தை எடுத்துப் பக்கப் பெட்டியில் வைத்து, ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார். திரும்பி வந்தபோது தூள். சஸ்பென்ஷனை இளக்கச் சொல்லி இன்னொரு பொட்டலம். மறுபடி தூள். மூன்றாவது சுற்றில் பாதி பிழைத்தது. அதற்குள் மேனேஜர் உட்பட ஷோரூம் முழுக்க வாயில் தூளோடு நின்றது. “மீதிய நான் பாத்துக்கிடுதேன்” என்று வண்டியை வாங்கிவிட்டார்.

தெருவில் வண்டி வந்து நின்றதும் ஞானம் அக்கா வாசலுக்கு வந்து பார்த்தார். “நான் ஒரு கிரைண்டரு கேட்டு எம்புட்டு நாளாச்சு. இவிய மக்ரூனுக்கு வாகனம் வாங்கிட்டு வந்திருக்காவ.”

இன்னொரு சிக்கலும் இருந்தது. வண்டி உயரம், அண்ணாச்சி குட்டை. தரையில் நின்று ஏற முடியாது. நடைபாதை விளிம்பு, பாலத்துக் கைப்பிடிச் சுவர், எதிலாவது கால் வைத்துத்தான் ஏற வேண்டும். பிற்பாடு வடநாட்டுப் பயணத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, “ரோட்டுல மைல்கல் எதுக்கு நட்டிருக்கான்னு நெனச்சிய?” என்றார்.

அந்த மழைக்காலம் முழுக்க ஒத்திகை. நல்ல ரோடு வேண்டுமென்றால் ஆத்தூர், கெட்ட ரோடு வேண்டுமென்றால் விளாத்திகுளத்துக் கரிசல் காட்டுப் பாதை. மக்ரூனோடு போவார், தூளோடு வருவார். தூள் தெருவுக்கு. எங்கள் தெருவில் அந்த வருடம் யாரும் டீக்குச் சீனி போடவில்லை. என் ரத்தச் சர்க்கரையைப் பார்த்த டாக்டர் வீட்டில் விசேஷமா என்று கேட்டார், ஒத்திகை என்றேன்.

பஞ்சு வைத்துப் பார்த்தார். மக்ரூனுக்குத் தாடி முளைத்தது. மரத்தூள் வைத்தார், தச்சுப்பட்டறை வாசம். கடைசியில் தகரடப்பாவில் பொரியைக் கொட்டி நடுவே புதைத்தார். விளாத்திகுளம் போய் வந்து டப்பாவைத் திறந்தபோது அத்தனையும் கூம்பு கலையாமல் நின்றன. தெருவே கைதட்டியது. மக்ரூன் போட்டுத் தரும் பேக்கரி அண்ணாச்சி மட்டும் யோசனையோடு கேட்டார்:

“பொரியில வச்சா ஒடையாதுன்னா, கூரியர்லயே போட்டிருக்கலாமே?”

அத்தனை பேரும் வண்டியைப் பார்த்தோம். ஞானம் அக்கா வானத்தைப் பார்த்தார்.

“கூரியர்க்காரன் எறிவான்” என்றார் வின்ச் அண்ணாச்சி. “நான் எறக்குவேன்.”

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை புறப்பட்டார். போகும் வழியெல்லாம் போன் வரும். ஊர் பெயர் சொல்லமாட்டார். “ஒண்ணும் ஒடையல” என்பார், வைத்துவிடுவார். நாங்கள் வரைபடத்தைப் பார்த்து எந்த ஊராக இருக்கும் என்று தகராறு செய்வோம். பள்ளிக்கூடங்கள் திறந்த வாரம் திரும்பி வந்தார். முகம் கருத்து, உதடு வெடித்து, ஆள் இளைத்திருந்தார்.

“முழுசாப் போச்சா?” என்றது தெரு.

“அத்தனையும் முழுசு. திறந்து காட்டினேன். மடத்துச் சிஸ்டர்மாரு எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாவ. சமையல்கட்டுச் சிஸ்டரு சந்தோசமா டப்பாவ வாங்கிட்டு உள்ள போச்சு. கொஞ்ச நேரத்துல எல்லாருக்கும் கிண்ணத்துல பால் பாயசம். மேல தூவியிருந்துச்சு.”

“எத?”

“மக்ரூன. உரல்ல இடிச்சு.”

இத்தனை வருடமும் தூளாகவே வந்ததால், மடத்தில் அதைத் தூத்துக்குடியின் பாயசப்பொடி என்றே நினைத்திருந்தார்கள். இம்முறை ஏனோ கட்டி தட்டி வந்திருக்கிறது என்று அந்தச் சிஸ்டர் பரிதாபப்பட்டு, சிரமம் பாராமல் இடித்திருக்கிறார்.

தெரு சிரித்து ஓய வெகுநேரமானது. ஞானம் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “நீங்க என்ன சொன்னிய?” என்றார்.

“என்னத்தச் சொல்ல. நல்லாருக்குன்னு இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடிச்சேன்.”

கூட்டம் கலைந்த பிறகு, வண்டியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் மட்டும் மீதியைச் சொன்னார். டப்பா உள்ளே போவதற்கு முன்பே அக்கா ஒன்றை எடுத்து அங்கிப் பையில் ஒளித்துவிட்டாராம். சாயங்காலம் ஆட்கள் போனதும் வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தாராம். திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். “இப்படித்தாம்ல இருக்கும்” என்றாராம்.

“பெறவு பாதி ஒடச்சு எனக்குத் தந்தா” என்றார் அண்ணாச்சி. “ஒடச்சது அவ. அது என் கணக்குல வராது, கேட்டியளா.”

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்ப் பையன்கள் சிலர் பெரிய பைக்குகளில் கடற்கரைக்கு வந்திருந்தார்கள். கரையோரம் நின்ற அந்த வண்டியின் டாங்க்கில் இருந்த சின்னத் தகட்டை ஒருவன் தடவிப் பார்த்து, இது எந்த மலை வரைக்கும் போயிருக்கிறது, யார் வண்டி என்று என்னைக் கேட்டான். அண்ணாச்சி தண்ணீரோரம் நின்றுகொண்டிருந்தார். அவரைக் காட்டியிருக்கலாம்.

“நம்ம வண்டிதான்” என்றேன். இதுவரை ஒருமுறைகூட நான் அதில் ஏறியதில்லை.