பழவங்காடியில் ஊத மறுத்த விவரம்

வலியசாலை,
திருவனந்தபுரம்.

சிரஞ்சீவி கிரிஷுக்கு உன் மாமா பிச்சுமணி செய்யும் ஆசீர்வாதம். தீர்க்காயுசாக இரு. இங்கே உன் மாமியின் முட்டுவலி உட்பட எல்லாம் வழக்கம்போல என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நேற்றிலிருந்து நான் குடித்துவிட்டுக் கார் ஓட்டிய கேஸில் ஜாமீனில் இருக்கிறேன். போனில் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன். எல்லாம் எர்ணாகுளத்தில் வக்கீலாக இருக்கிற உன்னால் வந்தது.

பதறாதே. காபிக்கு மேல் நான் எதுவும் குடித்தவனில்லை என்று உனக்கே தெரியும். நேற்று காலை நம் மாளவிகாவைப் பெண் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து பையனின் அப்பா பஞ்சநதம் வந்தார். பையனும் மாளவிகாவும் போனில் பேசி ஒருவரையொருவர் பிடித்துப்போய், பெரியவர் தலையாட்டுவது ஒன்றுதான் பாக்கி. எத்தனையோ ஜாதகம் பார்த்து அலுத்துப்போய் அமைந்த வரன் இது. இதுவும் தவறினால் அந்தப் பெண் என்ன செய்வாள் என்று உன் மாமி ஒரு வாரமாகத் தூங்கவில்லை. ரயிலடியில் அவரை வரவேற்றுக் காரில் ஏற்றி, பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வண்டியைத் திருப்பினால், போலீஸ் கை காட்டுகிறது. முந்தின ராத்திரி குடித்தது இறங்காமல் காலையில் வண்டியெடுக்கிறவர்களைப் பிடிக்கிறார்களாம். சட்டையில் ஷிஜா என்று பெயர் குத்தியிருந்த போலீஸ்காரப் பெண் குழல் வைத்த மெஷினை என் வாய்க்கு நேரே நீட்டி, "சாரே, ஒண்ணு ஊதணும்" என்றாள்.

அதில் அதுவரை எத்தனை வாய் பட்டதோ! பெற்ற பெண் குடித்த டம்ளரைக்கூட நான் தொடுவதில்லை. "எச்சல் பண்ண மாட்டேன்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. அப்போது பார்த்து, போலீஸ் நிறுத்தினால் நமக்கு என்னென்ன உரிமை என்று நீ கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு பேசி அனுப்பிய வீடியோ ஞாபகம் வந்து தொலைத்தது. புதுக் குழல் கேட்கலாம், மெஷினில் வந்த எண்ணைக் காட்டச் சொல்லலாம், ரத்தப் பரிசோதனை கேட்கலாம், கைதென்றால் காரணம் கேட்கலாம் என்று ஒன்றுவிடாமல் உரக்க ஒப்பித்தேன். பின்சீட்டிலிருந்து சம்பந்தி கேட்கிறாரே என்று உள்ளூரப் பெருமை வேறு. ஷிஜா முகம் சுளிக்காமல் கவரைக் கிழித்துப் புதுக் குழல் மாட்டி, "நோக்கிக்கோ சாரே, ஆரும் தொட்டிட்டில்லா" என்றாள். குழல் புதுசு, சரி. அதை மாட்டிய மெஷின்? திருவனந்தபுரமே அதில் ஊதியிருக்கிறதே! ஆகவே நாம் காபி சாப்பிடுகிற மாதிரி, உதட்டில் படாமல், ஒரு சாண் தள்ளி வைத்துத் தூக்கி ஊதினேன். மெஷின் பேசாமல் இருந்தது. இன்னும் பலமாக ஊதினேன். ஷிஜா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எஸ்.ஐ. அனில் வந்தார். "சாமீ, அடிச்சிட்டு வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் ஊதறது" என்றார். எனக்கு வந்ததே கோபம். "அப்போ ரத்தம் எடுங்கோ! அது என் உரிமையாக்கும்!" என்று கத்தினேன். அவர் ரொம்ப மரியாதையாக, "அதுக்கென்ன சாமீ" என்று ஜீப் கதவைத் திறந்துவிட்டார். ஊத மறுத்தால் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்று வீடியோவின் பின்பாதியில் சொல்லியிருக்கிறாயாமே! ஏனப்பா, அதை முதலில் சொன்னால் ஆகாதா? முன்பாதி முடிவதற்குள் உன் மாமி என்னைத் தேங்காய் துருவக் கூப்பிட்டுவிட்டாள்.

பஞ்சநதத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. பாவம், அவரும் ஜீப்பில் ஏறினார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உட்கார்த்தினபோது, காரை எடுத்துப்போக மாளவிகா வந்து நின்றாள். பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகத் தயாராக இருந்த கோலத்திலேயே வந்துவிட்டாள். பெண் பார்க்கும் வைபவம் லாக்கப்புக்கு எதிர்பெஞ்சில் நடந்தது. சொஜ்ஜியும் பஜ்ஜியும் ஆத்தில் ஆறிக்கொண்டிருக்க, ஷிஜா எல்லாருக்கும் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தாள். "அப்பா, ஒண்ணு ஊதினா தீர்ந்திருக்குமே! என்னத்துக்காக்கும் இந்த ரகளை?" என்று மாளவிகா என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். பஞ்சநதம் அவளிடம் மெதுவாக, "அப்பாவுக்கு இந்தப் பழக்கம் ரொம்ப நாளா உண்டோம்மா?" என்று கேட்டார். "எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேர்ந்து இருக்கு மாமா. நாங்கள்லாம் பழகிண்டுட்டோம்" என்றாள் இவள். இவள் சொன்னது எச்சில் பார்ப்பதை. அவர் கேட்டது எதையென்று நான் உனக்கு எழுத வேண்டாம்.

சாப்பிடக்கூட நிற்காமல் மத்தியான ரயிலுக்கே போய்விட்டார். மாளவிகா என்னோடு பேசவில்லை. ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு ஊதியிருந்தால் என் குழந்தைக்கு இந்த அவமானம் வந்திருக்குமா? ஆகையால் நீ இரண்டு காரியம் செய்ய வேணும். ரத்த ரிப்போர்ட்டைச் சீக்கிரம் வரவழைத்து இந்தக் கேஸை உடைத்துப் போடு. பஞ்சநதத்துக்குப் போன் பண்ணி, உன் மாமா மதுவை மோந்துகூடப் பார்க்காதவன் என்று சட்டபூர்வமாக எடுத்துச் சொல்.

அக்கா சீதாலக்ஷ்மிக்கு என் நமஸ்காரம். அவளிடம் இதைச் சொல்லாதே, இங்கே ஸ்ரீவராகம் அக்ரஹாரம் வரைக்கும் தெரிந்துவிடும். நீ ஜட்ஜாகி நூறு வயது இருக்க வேணும்.

இப்படிக்கு,
உன் மாமா பிச்சுமணி

பி.கு.: கவரை ஒட்டும்போது பஞ்சநதமே போனில் கூப்பிட்டார். முகூர்த்தம் பார்க்கச் சொல்கிறார்! "எங்காத்துப் பையன் சனிக்கிழமையானா ரெண்டு பெக் போடுவான். நீங்களோ ஆசாரக் குடும்பம், கேட்டா விரட்டிடுவேளேன்னு நடுங்கிண்டேதான் வந்தேன். உங்களைப் போலீஸ் பிடிச்சப்புறம்தான் எனக்கு உயிரே வந்தது. உங்க பொண்ணு எத்தனை பக்குவமாச் சொன்னா! ஆத்துக்காரிகிட்ட நேர்ல சொல்லணும்னுதான் ஓடி வந்தேன்" என்கிறார். மாளவிகாவைக் கேட்டால், பையன் விஷயம் அவளுக்கு முன்னமே தெரியுமாம். உன் மாமி பாயசத்துக்குப் பால் வாங்கப் போயிருக்கிறாள். ஆகவே மேலே எழுதிய எதையும் செய்யாதே. அவரோடு பேசவே பேசாதே. ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்றுதான் வரும். கல்யாணமோ ஆவணியில். அதுவரை நான் நிரபராதி என்பது வெளியே தெரியாமல் இருக்க எனக்குச் சட்டத்தில் ஏதாவது உரிமை உண்டா என்று உடனே எழுதவும்.