தானாக ஏறிய இருப்பு

கருமத்தம்பட்டி மில்லில் அன்று ஒரு இயந்திரமும் ஓடவில்லை. பராமரிப்புக்காக எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆனால் கோயம்புத்தூர் ஆபீசில் ரிஃபத்தின் கம்ப்யூட்டர் திரையில், கோடவுனின் நூல் இருப்பு நூற்று நாற்பது மூட்டையிலிருந்து நூற்று நாற்பத்திரண்டுக்கு ஏறியது.

ரிஃபத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். நூற்று நாற்பத்தைந்து.

"ஏனுங்க தம்பி, மாறுது பாருங்க! பக்கம் அப்படியே நிக்குது, நம்பர் மட்டும் மாறுது!" என்று பின்னாலிருந்து முதலாளி திருமலைசாமி பரவசப்பட்டார்.

பரவசத்தில் நியாயம் இருந்தது. அது தொண்ணூற்றொன்பதாம் வருடம். இணையப் பக்கத்தில் ஒரு எழுத்து மாறவேண்டுமென்றாலும் பக்கம் முழுக்க வெளுத்துப்போய், ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்துத்தான் திரும்பி வரும். ரிஃபத் அதற்கு ஒரு தந்திரம் செய்திருந்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னச் சட்டத்தை, அதாவது ஒரு ஃப்ரேமை, பக்கத்தின் ஓரத்தில் ஒளித்து வைத்தான். நிமிடத்துக்கொரு தரம் அது மில்லில் இருந்த பீரோ அளவு ஏ.எஸ். 400 கம்ப்யூட்டரிடம் இருப்பைக் கேட்கும். பதில் வருகிறபோது வரட்டும், பக்கம் அதற்காகக் காத்திருக்காது. வந்ததும் அந்த எண் மட்டும் மாறும்.

இருப்பு சொல்லும் புரோகிராம் அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்தது. எழுதியவர் மஸ்கட் போய்விட்டார். உள்ளே என்ன இருக்கிறதென்று ரிஃபத் திறந்து பார்க்கவில்லை. கேட்டால் பதில் சொல்கிறது, போதாதா?

பார்க்க நேரமும் இல்லை. திருமலைசாமி திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பார், அவ்வளவுதான்.

"எப்பங்க தம்பி முடியும்?"

"ஒரு மாசம் ஆகுங்க சார்."

"எப்பங்க தம்பி முடியும்?"

"ரெண்டு வாரத்துல முடிச்சிரலாமுங்க."

"எப்பங்க தம்பி முடியும்?"

"வியாழக்கிழமைங்க சார்."

"அப்படிங்களா, சந்தோசம்" என்று போய்விட்டார்.

அந்த வியாழக்கிழமைதான் இது. பக்கம் ஒழுங்காக ஓடினால் ரிஃபத்துக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெரிய கடை வீதியில் மாமாவின் குடைக்கடை. அவனுக்கென்று அங்கே ஒரு ஸ்டூலைத் துடைத்தே வைத்திருந்தார் மாமா.

முதலாளிக்குப் பக்கத்தில் நூல் வியாபாரி அமீர் ஹம்சா இருந்தார். அவருக்கு இருநூறு மூட்டை வேண்டும். "நூத்தி நாப்பதுதான் இருக்குன்னா நான் வேற மில்லப் பாத்துக்கறேங்க" என்று எழுந்தவர், எண் ஏறுவதைக் கண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

ரிஃபத் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான். ஓடாத மில்லில் நூல் எங்கிருந்து வருகிறது? பதில்கள் வரிசை தப்பி வருகின்றனவோ? அடிக்கடி கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, நிமிடத்துக்கொரு தரம் என்றிருந்ததைப் பத்து விநாடிக்கொரு தரம் என்று மாற்றினான்.

எண்ணும் பத்து விநாடிக்கொரு தரம் ஏறத் தொடங்கியது.

"மில்லு நிக்குதுன்னு சொன்னாங்களே?" என்றார் அமீர் ஹம்சா.

"நின்னா என்னங்க? எங்க ஆளுக சும்மா இருக்கமாட்டாங்க" என்றார் திருமலைசாமி பெருமையாக.

ஒருவேளை இந்தக் கம்ப்யூட்டரில்தான் கோளாறோ? ரிஃபத் பக்கத்து மேஜைகளில் இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களிலும் அதே பக்கத்தைத் திறந்தான். மூன்றும் சேர்ந்து கேட்கத் தொடங்கின. மூன்றும் மூன்று எண்களைக் காட்டின. அதுவரை இரண்டு மூன்றாக ஏறிக்கொண்டிருந்த எண், இப்போது பத்துப் பத்தாகத் தாவியது. யாரோ துரத்துகிற மாதிரி ஒரு ஓட்டம் அதில் இருந்தது. பயத்தையும் மீறி ரிஃபத்துக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இருநூத்திப் பத்து ஆயிருச்சுங்க. இனி என்ன யோசனை?" என்ற அமீர் ஹம்சா, மேஜைமேல் இருந்த போனில் தன் கடைக்குப் பேசி, லாரியைக் கருமத்தம்பட்டிக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

லாரி அங்கே போய் நிற்கும். மூட்டை இருக்காது. ஸ்டூல் ரிஃபத்தின் கண்முன் வந்து நின்றது. அவன் போனை எடுத்து மில் கோடவுன் நம்பரை அழுத்தினான். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. அப்புறம்தான் உறைத்தது: மில்லுக்கு இருப்பதே ஒரு லைன். அதில்தான் அவனுடைய கேள்விகள் வரிசைகட்டிப் போய்க்கொண்டிருந்தன.

முன்னூற்றுப் பதினைந்து.

வேறு வழியில்லை. அல்லாஹ்வை நினைத்துக்கொண்டு, குனிந்து, கம்ப்யூட்டர்களை அந்த லைனோடு இணைத்திருந்த மோடத்தின் வயரைப் பிடுங்கினான். மூன்று திரைகளிலும் எண் அசையாமல் நின்றது.

"ஏனுங்க தம்பி நின்னுபோச்சு?" என்றார் திருமலைசாமி.

"லைன்ல கோளாறுங்க சார்."

"ஏனுங்க தம்பி நின்னுபோச்சு?"

"அங்க மழையாட்ட இருக்குதுங்க சார்." ஜன்னலுக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது தரம் கேட்க முதலாளி வாயைத் திறந்தார். நல்லவேளையாகப் போன் அலறியது. எல்லோருக்கும் கேட்கும்படி அவரே ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார். கோடவுன் கிளார்க் ராசாத்தாள் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"மொதலாளிங்களா? அப்பாடா, முன்னூத்திப் பதினஞ்சு போதுமாயிருச்சுங்களா? காத்தாலருந்து 'ஸ்டாக் எவ்வளவு, ஸ்டாக் எவ்வளவு'ன்னு எம்மேசை மேல இருக்கற இந்த டெர்மினலு கத்தீட்டே இருக்குது. உள்ளபடி இருக்கறது நூத்தி நாப்பதுதானுங்க. ஆனா நீங்க திருப்பித் திருப்பிக் கேக்கவும், மொதல்ல சொன்ன பதிலு உங்களுக்குப் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு, நானும் கூட்டிக் கூட்டி டைப் அடிச்சுப்போட்டேனுங்க!"